கிரேக்க, லத்தீன் வேதாகமம்: எந்தப் பதிப்பைக் கையில் எடுப்பது?

வத்திக்கான் நூலகத்தில் 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வேதாகமச் சுவடி ஒன்று இருக்கிறது. கோடெக்ஸ் வாத்திக்கானுஸ் என்று பெயர். அதன் 1512-ஆம் பக்கத்தில், எபிரெயர் நிருபம் முதல் அதிகாரம் 3-ஆம் வசனத்தில், எல்லாவற்றையும் 'தாங்குகிறவர்' என்று வரவேண்டிய இடத்தில் முதல் எழுத்தர் 'வெளிப்படுத்துகிறவர்' என்று எழுதிவிட்டார். கிரேக்கத்தில் ஒன்று ஃபெரோன், மற்றது ஃபானெரோன். இரண்டே எழுத்து கூடுதல். பின்னால் வந்த ஒருவர் அதைத் திருத்தினார். பல நூற்றாண்டுகள் கழித்து இன்னொருவர் வந்து, அந்தத் திருத்தத்தை அழித்துப் பழைய சொல்லையே திரும்ப எழுதினார். அதோடு நிற்காமல் ஓரத்தில் கோபமாக ஒரு குறிப்பும் போட்டார்: "அறிவு கெட்டவனே, பொல்லாதவனே, பழையதை அப்படியே விடு, மாற்றாதே!"

அவர் அவ்வளவு கோபத்தோடு காப்பாற்றியது எழுத்துப்பிழையைத்தான். மற்றப் பிரதிகளில் இருப்பது 'தாங்குகிறவர்' என்ற சொல். நம் தமிழ் வேதாகமத்திலும் அதுதான் இருக்கிறது. ஆனாலும் அந்தக் குறிப்பை எழுதியவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. பழைய பிரதியில் ஏதோ ஒன்று இருந்தது, அதை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று அவர் கவனித்தார். அந்தக் கவனம்தான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

கிரேக்கமோ லத்தீனோ கொஞ்சம் கற்றுக்கொண்டு வேதாகமத்தை அந்த மொழியிலேயே வாசிக்க ஆசைப்படும் நண்பர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "ஒரு கிரேக்கப் புத்தகம், ஒரு லத்தீன் புத்தகம் வாங்குவதென்றால் எது?" கடையிலும் இணையத்திலும் தேடினால் பத்துப் பதினைந்து பதிப்புகள் வரும். அட்டையைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். உள்ளே இருப்பதோ வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு காரணத்துக்காகத் திருத்திய வெவ்வேறு மூலங்கள். அந்தத் திருத்தத்தின் கதை தெரியாமல் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது.

முதலில் கிரேக்கப் புதிய ஏற்பாடு

இங்கே உங்கள் முன்னால் இருப்பவை மூன்று. 'எல்லோராலும் ஏற்கப்பட்ட பாடம்' என்று பொருள்படும் டெக்ஸ்டுஸ் ரெசெப்டுஸ் ஒன்று (பாடம் என்றால் இங்கே மூலத்தின் சொல்வடிவம்). பைசாந்தியப் பாடம் இன்னொன்று. நெஸ்லே-ஆலந்து 28-ஆம் பதிப்பு மூன்றாவது.

டெக்ஸ்டுஸ் ரெசெப்டுஸ் எப்படிப் பிறந்தது என்பதற்கு ஒரு சொல்லின் கதையைச் சொன்னால் போதும். 1516-இல் பாசெல் நகரில் ஃப்ரோபென் என்பவரின் அச்சகத்தில் எராஸ்முஸ் என்ற அறிஞர் தன் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். கடைகளுக்கு வந்த முதல் அச்சுக் கிரேக்கப் புதிய ஏற்பாடு அதுதான். ஸ்பெயினில் கர்தினால் சிஸ்னேரோஸின் அறிஞர் குழு 1514-லேயே அச்சடித்து முடித்திருந்தது, ஆனால் போப்பின் அனுமதி 1520-இல்தான் கிடைத்தது. எராஸ்முஸ் அவசரமாக வேலை செய்தார். கையில் இருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில பிரதிகள், அவையும் பெரும்பாலும் 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. வெளிப்படுத்தின விசேஷத்துக்கு ஒரே ஒரு பிரதி, அதுவும் ரோய்க்லின் என்ற அறிஞரிடம் கடன் வாங்கியது. அதில் கடைசித் தாள் கிழிந்து போயிருந்தது. கடைசி ஆறு வசனங்கள் இல்லை.

எராஸ்முஸ் என்ன செய்தார்? லத்தீன் வேதாகமத்தை எடுத்து, அந்த ஆறு வசனங்களையும் தானே கிரேக்கத்தில் பெயர்த்து எழுதினார். அதை மறைக்கவும் இல்லை, தன் குறிப்புகளில் சொல்லியிருக்கிறார். இப்போது 22-ஆம் அதிகாரம் 19-ஆம் வசனத்தைப் பாருங்கள். கிரேக்கப் பிரதிகளில் இருப்பது 'ஜீவ மரம்'. லத்தீனில் மரத்துக்கு லிக்னோ, புத்தகத்துக்கு லிப்ரோ. யாரோ ஒரு லத்தீன் எழுத்தர், பக்கத்திலேயே 'புத்தகம்' என்ற சொல் திரும்பத் திரும்ப வருவதால் கை தவறி, லிக்னோவை லிப்ரோ என்று எழுதியிருக்கிறார். எராஸ்முஸ் கையில் இருந்த லத்தீனில் 'ஜீவ புத்தகம்'. அவர் எழுதிய கிரேக்கத்திலும் அதுவே வந்தது. 1527-இல் நான்காம் பதிப்பு போட்டபோது ஸ்பெயின் பதிப்பைப் பார்த்து வெளிப்படுத்தின விசேஷத்தில் பல இடங்களைச் சரிசெய்தார், இந்த இடம் அப்படியே நின்றது. ஸ்டெஃபானுஸ், பேஸா, எல்ஸெவீர் என்று அடுத்தடுத்த பதிப்பாளர்கள் அதையே அச்சிட்டார்கள். 1633-இல் எல்ஸெவீர் பதிப்பின் முன்னுரையில் 'இப்போது எல்லோராலும் ஏற்கப்பட்ட பாடம்' என்று ஒரு வரி வந்தது, பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

இப்போது உங்கள் வீட்டில் இருக்கும் பழைய பரிசுத்த வேதாகமத்தில் அதே வசனத்தைத் திறந்து பாருங்கள். "ஜீவபுஸ்தகத்திலிருந்தும், பரிசுத்த நகரத்திலிருந்தும்..." என்று இருக்கும். லத்தீன் எழுத்தர் ஒருவரின் கை தவறியது எராஸ்முஸ் வழியாக நம் ஞாயிறு வாசிப்பு வரை வந்திருக்கிறது. திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில் மரம்தான் இருக்கிறது. இந்த வசனத்தை முதன்முதலில் ஒப்பிட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பயத்தால் இல்லை. இவ்வளவு நீண்ட சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் பார்க்க முடிகிறதே என்ற வியப்பால்.

1 யோவான் 5:7-ம் இதே வகை. "பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி... இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்" என்ற வரி எராஸ்முஸின் 1516, 1519 பதிப்புகளில் கிடையாது. எதிர்ப்பு கிளம்பியது. பின்பு அந்த வரி உள்ள ஒரு கிரேக்கப் பிரதி காட்டப்பட்டது, 1522 பதிப்பில் சேர்த்துக்கொண்டார். அந்தப் பிரதி இன்று டப்ளினில் இருக்கிறது. அது எராஸ்முஸின் காலத்தை ஒட்டி எழுதப்பட்ட மிகப் பிந்தைய பிரதி. (இப்படி ஒரு பிரதியைக் காட்டினால் சேர்ப்பதாக எராஸ்முஸ் வாக்குக் கொடுத்தார் என்று பல புத்தகங்களில் வரும் கதைக்குச் சான்று கிடையாது. அதை நம்பி யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.)

அப்படியென்றால் டெக்ஸ்டுஸ் ரெசெப்டுஸை வாங்கவே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். நம் பழைய தமிழ் வேதாகமத்தையும் 1611-இன் ஆங்கில வேதாகமத்தையும் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் அவற்றின் பின்னால் நிற்கும் கிரேக்கம் இதுதான். லூத்தர் வாசித்ததும் எராஸ்முஸின் கிரேக்கத்தைத்தான். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்: இன்று இந்தப் பெயரில் பெரும்பாலும் விற்பது 16-ஆம் நூற்றாண்டுப் புத்தகத்தின் நகல் இல்லை. 1881-இல் ஸ்க்ரிவனர் என்ற அறிஞர், 1611 ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் எந்தெந்த இடத்தில் எந்தப் பாடத்தைப் பின்பற்றினார்கள் என்று தேடிக் கோத்துக் கொடுத்த பதிப்பு அது. அதாவது ஆங்கிலத்தை வைத்துத் தேர்ந்தெடுத்த கிரேக்கம். நான் முதலில் வாங்கியதும் அதுதான், இந்த விவரம் எதுவும் தெரியாமல்.

பைசாந்தியப் பாடம் என்பதை இதோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் உறவுக்காரர்கள், ஒரே ஆள் இல்லை. நமக்குக் கிடைத்திருக்கும் கிரேக்கப் புதிய ஏற்பாட்டுக் கையெழுத்துப் பிரதிகள் 5,000-க்கு மேல். அவற்றில் மிகப் பெரும்பான்மை 9-ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தியவை. கான்ஸ்டான்டினோப்பிளைச் சுற்றிய கிரேக்கத் திருச்சபையில் வாசிக்கப்பட்டவை. அந்தப் பெரும்பான்மை எதைச் சொல்கிறதோ அதை அச்சிடுவது பைசாந்தியப் பதிப்பு. ராபின்சன், பியர்பான்ட் இருவரும் 2005-இல் வெளியிட்டது இப்போது எளிதாகக் கிடைக்கிறது. டெக்ஸ்டுஸ் ரெசெப்டுஸிலிருந்து இது ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில் வேறுபடுகிறது. 'ஜீவ புத்தகம்' இதில் இல்லை, 1 யோவான் 5:7-இன் அந்த வரியும் இல்லை. ஆனால் பரமண்டல ஜெபத்தின் முடிவில் வரும் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" இதில் உண்டு. நெஸ்லே-ஆலந்தில் அது அடிக்குறிப்புக்குப் போய்விட்டது.

கிரேக்க ஆர்த்தடாக்ஸ் வழிபாட்டையோ, கிறிஸோஸ்தோமுக்குப் பிந்திய கிரேக்க உரைகளையோ வாசிக்கப் போகிறவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். ஆயிரம் ஆண்டு ஒரு திருச்சபை முழுவதும் வாசித்த பாடத்தை 'பிந்தியது' என்ற ஒரு சொல்லால் தள்ளிவிட முடியாது.

ஆனால் ஒரே ஒரு புத்தகம்தான் என்றால் என் கை நெஸ்லே-ஆலந்துக்குத்தான் போகும். எபெர்ஹார்ட் நெஸ்லே 1898-இல் ஸ்டுட்கார்ட்டில் இதைத் தொடங்கியபோது அவர் செய்தது மிகச் சாதாரணமான காரியம்: 19-ஆம் நூற்றாண்டின் பெரிய பதிப்புகளை அருகருகே வைத்து, இரண்டு ஒத்துப்போனால் அதை ஏற்றுக்கொண்டார். டிஷெண்டார்ஃப் பதிப்பு, வெஸ்ட்காட்டும் ஹார்ட்டும் 1881-இல் கொண்டுவந்த பதிப்பு ஆகியவை அவற்றில் முக்கியமானவை. பிறகு மகன் எர்வின் நெஸ்லே, அப்புறம் கூர்ட் ஆலந்து, முன்ஸ்டரில் ஆலந்து 1959-இல் நிறுவிய ஆய்வு நிலையம் என்று கைமாறிக் கைமாறி, பாப்பிரஸ் சுவடிகளும் சேர்ந்து, 1979-இல் 26-ஆம் பதிப்பில் மூலமே புதிதாக அமைக்கப்பட்டது. 28-ஆம் பதிப்பு 2012-இல் வந்தது.

இதன் பலம் மேலே உள்ள மூலத்தைவிடப் பக்கத்தின் அடியில்தான். சங்க நூல் பதிப்புகளில் அடிக்குறிப்பாகப் பாடபேதம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஒவ்வொரு பக்கத்திலும், மூலத்தில் சின்னச் சின்னக் குறிகள். அடியில் எந்தப் பிரதி எதைச் சொல்கிறது என்ற விவரம். பதிப்பாளர் தேர்ந்தெடுத்தது உங்களுக்கு ஒப்பவில்லையென்றால், மறுத்துப் பேசத் தேவையான சான்று அதே பக்கத்தில் இருக்கிறது. எராஸ்முஸின் 'ஜீவ புத்தகம்' அவ்வளவு காலம் நின்றதற்கு ஒரு காரணம், வாசகனின் கண்ணில் அந்த அடிப்பகுதி படாததுதான்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். 28-ஆம் பதிப்பில் பொது நிருபங்களில் 34 இடங்கள் மாறின. யூதா 5-இல் 'கர்த்தர்' இருந்த இடத்தில் இப்போது 'இயேசு' மூலத்துக்கு வந்திருக்கிறார். அதற்குப் பழைய நல்ல பிரதிகள் உண்டு. ஆனால் 2 பேதுரு 3:10-இல், பூமியும் அதிலுள்ள செயல்களும் 'காணப்படும்' என்ற சொல்லுக்கு முன்னால் ஓர் 'இல்லை' சேர்த்திருக்கிறார்கள். கிரேக்கப் பிரதி எதிலும் அது கிடையாது. பழைய சிரியாக், கொப்திய மொழிபெயர்ப்புகளின் துணையை வைத்துச் செய்த ஊகம். பொருள் சரியாக வரவில்லை என்பதற்காக இப்படிச் செய்தது எனக்கு இன்னும் உடன்பாடில்லை. இந்தப் பாடம் இனியும் மாறும். மாறாத மூலம் ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது நிம்மதி தராது.

புதிதாகக் கற்பவர்களுக்கு ஒரு யோசனை. ஐக்கிய வேதாகமச் சங்கங்களின் ஐந்தாம் பதிப்பிலும் மூலம் இதே மூலம்தான். அதில் பாடபேதங்கள் குறைவு, ஆனால் எடுத்துக்கொண்ட இடங்களுக்குச் சான்று விரிவாக இருக்கும். பதிப்பாளர்கள் எவ்வளவு உறுதியாக இருந்தார்கள் என்று ஏ, பி, சி, டி என்று மதிப்பெண்ணும் போட்டிருப்பார்கள். முதல் இரண்டு வருடத்துக்கு அதுவே போதும்.

ஒரே எழுத்து எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு லூக்கா 2:14. தேவதூதர் பாட்டில் வரும் சொல் யூடோகியாவா, யூடோகியாஸா? முதலாவது என்றால் "மனுஷர்மேல் பிரியமும் உண்டாவதாக". பழைய தமிழ் வேதாகமம் அப்படித்தான். இரண்டாவது என்றால் பிரியத்துக்குரிய மனிதர்களுக்குச் சமாதானம். லத்தீன் அந்தப் பக்கம் நின்று 'நல்மனத்தோர்' என்றது, அதைத்தான் கத்தோலிக்கர்கள் திருப்பலியில் பாடுகிறார்கள். வாத்திக்கானுஸிலும் அதே நூற்றாண்டின் இன்னொரு கிரேக்கச் சுவடியான சினாய்த்திகுஸிலும் அந்தக் கடைசி எழுத்து முதலில் இருந்தது, பின்னால் திருத்தியவர்கள் எடுத்தார்கள். கிறிஸ்துமஸ் இரவில் இரண்டு கோவில்களில் இரண்டு விதமாகப் பாடுவதன் காரணம் ஒரு 'ஸ்'.

கிரேக்கப் பழைய ஏற்பாடு

இதில் தேர்வு எளிது, கதைதான் சிக்கல். எழுபதின்மர் பெயர்ப்பு என்று நாம் சொல்வது கிறிஸ்துவுக்கு முன்பே யூதர்கள் எபிரேயத்திலிருந்து கிரேக்கத்துக்குப் பெயர்த்தது. பெயர்த்து முடித்த கையோடு யூதர்களே அதை எபிரேயத்தோடு ஒப்பிட்டுத் திருத்தத் தொடங்கினார்கள். நஹால் ஹெவெர் குகையில் கிடைத்த சிறிய தீர்க்கதரிசிகளின் சுருள் அதற்கு நேரடிச் சாட்சி. 3-ஆம் நூற்றாண்டில் செசரியாவில் ஓரிஜன் என்ற கிறிஸ்தவ அறிஞர் ஆறு பத்திகள் கொண்ட மாபெரும் ஒப்பீட்டு நூலைச் செய்தார். எபிரேயத்தில் இருந்து கிரேக்கத்தில் இல்லாதவற்றுக்கு ஒரு குறி, கிரேக்கத்தில் இருந்து எபிரேயத்தில் இல்லாதவற்றுக்கு வேறொரு குறி. நோக்கம் நேர்மையானது. ஆனால் படி எடுத்தவர்கள் குறிகளை விட்டுவிட்டு வரிகளை மட்டும் எழுதினார்கள். யோபு புத்தகத்தின் பழைய கிரேக்கம் எபிரேயத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. ஓரிஜன் நிரப்பிய வரிகள் இன்று கிரேக்க யோபுவோடு ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

சினாய்த்திகுஸ் சுவடியில் எஸ்தர் புத்தகத்தின் முடிவில் பின்னாளைய திருத்துநர் ஒருவர் எழுதிய குறிப்பு உண்டு: பாம்ஃபிலுஸ் என்ற மறைசாட்சி தன் கையால் ஓரிஜனின் நூலைப் பார்த்துத் திருத்திய மிகப் பழைய பிரதி ஒன்றோடு இது ஒப்பிடப்பட்டது என்று. பாம்ஃபிலுஸ் அந்த வேலையைச் செய்தது சிறையில் இருந்தபோது. பிறகு கொல்லப்பட்டார். மரண தண்டனையை எதிர்பார்த்திருக்கும் ஒருவர் சிறையில் உட்கார்ந்து பாடபேதம் பார்த்தார் என்பதை நினைத்தால், இந்த வேலையை வறட்டு இலக்கணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

வாங்குவதற்கு: ரால்ஃப்ஸ் 1935-இல் இரண்டு தொகுதியாகக் கொண்டுவந்து, ஹான்ஹார்ட் 2006-இல் திருத்திய பதிப்பு. முழுப் பழைய ஏற்பாடும் ஒரே இடத்தில் கிடைக்கும். தானியேலுக்கு இரண்டு கிரேக்க வடிவங்கள் உண்டு. பழையதைத் திருச்சபை ஒதுக்கிவிட்டு தெயோடோஷியோன் என்ற மொழிபெயர்ப்பாளரின் பெயரில் வழங்கியதை எடுத்துக்கொண்டது. ரால்ஃப்ஸ் இரண்டையும் ஒரே பக்கத்தில் தருகிறார். இவரது அடிக்குறிப்பு பெரும்பாலும் மூன்று பெரிய சுவடிகளோடு நின்றுவிடும். ஒரு புத்தகத்தை ஆழமாக ஆராயப் போகிறீர்கள் என்றால் மட்டும் புத்தகத்துக்குப் புத்தகம் விரிவான அடிக்குறிப்போடு வரும் கொட்டிங்கன் பதிப்பு வரிசையில் அந்தத் தொகுதியைத் தேடுங்கள். முழு வரிசையும் வாங்குவது நூலகங்களுக்கான காரியம்.

லத்தீன்: இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும்

382 வாக்கில் போப் தமாசுஸ் ஜெரோம் என்ற அறிஞரிடம் லத்தீன் சுவிசேஷங்களைத் திருத்தும் வேலையைக் கொடுத்தார். அப்போது பழைய லத்தீன் சுவிசேஷங்கள் ஊருக்கு ஒன்றாக இருந்தன. எத்தனை பிரதிகளோ கிட்டத்தட்ட அத்தனை வடிவங்கள் என்று ஜெரோமே முன்னுரையில் எழுதுகிறார். அந்த முன்னுரையை ஒவ்வொரு பதிப்பாளரும் படிக்க வேண்டும். இதைக் கையில் எடுக்கும் எவனும், தான் பழகிய சுவையிலிருந்து வேறுபடுவதைக் கண்டதும், என்னைப் பொய்யன், புனிதத்தைக் கெடுத்தவன் என்று கத்துவானே என்று அஞ்சுகிறார். அந்த அச்சம் பலித்தது. சுவிசேஷங்களில் அவர் செய்தது புது மொழிபெயர்ப்பே இல்லை, கிரேக்கத்தைப் பார்த்துப் பழைய லத்தீனைத் திருத்தினார், அவ்வளவுதான்.

பெத்லகேமுக்குப் போன பிறகு எபிரேயத்திலிருந்தே நேராகப் பெயர்க்கத் தொடங்கினார். 403-இல் அகுஸ்தீன் எழுதிய கடிதம் ஒன்று: வட ஆப்பிரிக்காவில் ஓயா என்ற ஊரில் ஆயர் ஒருவர் ஜெரோமின் யோனா புத்தகத்தை வாசிக்க வைத்தார். யோனாவுக்கு நிழல் கொடுத்த செடி வரும் இடத்தில், தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்த கூகுர்பிதா, அதாவது சுரைக்கொடி, இல்லை. ஜெரோம் ஹெதெரா என்ற வேறொரு படர்கொடியின் பெயரைப் போட்டிருந்தார். சபையில் பெரும் குழப்பம். ஆயர் தன் மக்களையே இழக்கும் நிலைக்குப் போய்விட்டார். எபிரேயச் சொல் கீகாயோன். லத்தீனில் அதற்குச் சரியான பெயர் கிடையாது என்று ஜெரோம் பதில் எழுதினார். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அது ஆமணக்குச் செடி. எபிரேயச் சொல் குறிப்பது ஆமணக்கே என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள்.

சங்கீதங்களில் மக்கள் பழக்கம் ஜெரோமையே வென்றுவிட்டது. ஓரிஜனின் கிரேக்கத்தைப் பார்த்து அவர் திருத்திய வடிவத்துக்குக் கல்லியச் சங்கீதங்கள் என்று பெயர் வந்தது. அதன் பிறகு எபிரேயத்திலிருந்து நேராகப் பெயர்த்ததும் உண்டு. ஜெரோமுக்குப் பிடித்தது இரண்டாவது. ஆனால் வாயில் பாடிப் பழகியதை யாரும் விடவில்லை. ஜெரோமின் வேலையைச் சுற்றி உருவாகி லத்தீன் திருச்சபை முழுவதும் பரவிய வேதாகமத்துக்கு வுல்காத்தா என்று பெயர்; அதில் நின்றது கல்லியம். ஆகவே ஒரு வுல்காத்தாவை வாங்கினால் உள்ளே இருப்பது பல அடுக்கு: எபிரேயத்திலிருந்து வந்தது, ஓரிஜன் வழி வந்தது, ஜெரோம் தொடவே தொடாத பழைய லத்தீன் (சாலமோனின் ஞானம், சீராக் போன்றவை) எல்லாம் சேர்ந்தது.

இனி மூன்று பதிப்புகள். கத்தோலிக்கத் திருச்சபையின் ட்ரெண்ட் பொதுச்சங்கம் 1546-இல் வுல்காத்தாவை அதிகாரபூர்வமானது என்று அறிவித்தது. ஆனால் எந்தப் பிரதி? நாற்பத்து நான்கு வருடம் கழித்து 1590-இல் போப் ஐந்தாம் சிக்ஸ்துஸ், குழு கொடுத்ததைத் தானே திருத்தி ஒரு பதிப்பை வெளியிட்டார், இதை யாரும் மாற்றக்கூடாது என்ற ஆணையோடு. அதே ஆண்டு ஆகஸ்டில் இறந்தார். சில நாட்களிலேயே விற்பனை நிறுத்தப்பட்டது. 1592-இல் எட்டாம் கிளெமென்ட் ஆயிரக்கணக்கான இடங்களில் மாறிய இன்னொன்றை வெளியிட்டார், தலைப்புப் பக்கத்திலோ சிக்ஸ்துஸின் பெயரே இருந்தது. இதுதான் கிளெமென்டின் வுல்காத்தா. 1979 வரை கத்தோலிக்கத் திருச்சபையின் லத்தீன் இதுவே. அக்வினாஸின் சொற்களுக்கும், பாலெஸ்த்ரீனா காலத்து இசைக்கும், பழைய ஜெபப் புத்தகங்களுக்கும் துணையாக வேண்டுமென்றால் இதை எடுங்கள். நிறுத்தக்குறிகள் உண்டு, வாசிக்கச் சுகமாக இருக்கும். இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது.

ஸ்டுட்கார்ட் வுல்காத்தா வேறு கேள்விக்குப் பதில். ராபர்ட் வெபர் 1969-இல் கொண்டுவந்தார், ரோஜர் கிரிசன் தயாரித்த ஐந்தாம் பதிப்பு 2007-இல் வந்தது. ஜெரோம் எழுதியதற்கு முடிந்த அளவு பக்கத்தில் போவதே இதன் நோக்கம். இதன் பெரிய சாட்சிகளில் ஒன்று அமியாத்தீனுஸ் சுவடி. 8-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வட இங்கிலாந்தின் வேர்மவுத்-ஜாரோ மடத்தில் எழுதப்பட்ட ஆயிரம் தாளுக்கு மேற்பட்ட வேதாகமம் அது. சுமார் 34 கிலோ எடை. போப்புக்குக் காணிக்கையாகக் கொண்டுபோக மடாதிபதி கெயோல்ஃப்ரித் 716-இல் கிளம்பினார், வழியிலேயே பிரான்சில் இறந்தார். இன்று அது ஃப்ளோரன்ஸில். சமர்ப்பணப் பக்கத்தில் அவர் பெயரை யாரோ சுரண்டி மாற்றியிருந்ததால், அது இங்கிலாந்தில் எழுதப்பட்டது என்பதே 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் தெரியவந்தது.

ஸ்டுட்கார்ட் பதிப்பில் சங்கீதங்கள் எதிரெதிர்ப் பக்கங்களில்: ஒரு பக்கம் கல்லியம், மறுபக்கம் எபிரேயத்திலிருந்து வந்தது. இதற்காக மட்டுமே வாங்கலாம் என்பேன். ஆனால் நிறுத்தக்குறி ஒன்றும் கிடையாது. பழைய சுவடிகளைப் போலப் பொருள் முடிகிற இடத்தில் வரி முடியும். முதல் மாதம் தடுமாறுவீர்கள். பழகிவிட்டால் சத்தமாக வாசிக்க இதைவிட நல்ல அமைப்பு இல்லை.

மூன்றாவது நோவா வுல்காத்தா. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் முடிவில், 1965-இல் ஆறாம் பவுல் குழு அமைத்தார். 1979-இல் இரண்டாம் ஜான் பால் வெளியிட்டார். இன்றைய கத்தோலிக்க வழிபாட்டு மொழிபெயர்ப்புகளுக்கு ஒப்பிடும் அளவுகோல் இது என்று 2001-இல் ரோம் ஆவணமும் சொன்னது. வழிபாட்டு மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவர்களுக்கு இது கட்டாயம் வேண்டும். ஆனால் லத்தீன் உலகம் ஆயிரத்தைந்நூறு ஆண்டு வாசித்த வேதாகமத்தை வாசிக்க விரும்புகிறவர்கள் இதை வாங்கி ஏமாறக்கூடாது. நவீன எபிரேய, கிரேக்கப் பதிப்புகளுக்கு ஏற்ப ஜெரோமைத் திருத்தியது இது.

ஆதியாகமம் 3:15-இல் மூன்றையும் நிறுத்திப் பாருங்கள். பாம்பின் தலையை நசுக்குவது யார்? கிளெமென்டினில் 'இப்ஸா', பெண்பால். ஸ்டுட்கார்ட்டிலும் 'இப்ஸா'. நோவா வுல்காத்தாவில் 'இப்ஸும்', சந்ததியைக் குறிக்கும் சொல். எழுபதின்மர் பெயர்ப்பில் 'அவன்'. நம் பழைய வேதாகமத்தில் "அவர் உன் தலையை நசுக்குவார்". கோவில்களில் மாதா பாம்பை மிதித்தபடி நிற்கும் சுரூபத்தைப் பார்த்திருப்பீர்களே, அதன் வேர் இந்த 'இப்ஸா'வில் இருக்கிறது. நோவா வுல்காத்தாவை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு அந்தச் சுரூபத்தின் காரணம் புரியாது. கிளெமென்டினை மட்டும் வைத்திருப்பவருக்கு மற்ற மூலங்கள் வேறு சொல்கின்றன என்பது தெரியாது.

சரி, என் தேர்வு. கிரேக்கத்துக்கு நெஸ்லே-ஆலந்து, புதியவர்களுக்கு ஐக்கியச் சங்கங்களின் ஐந்தாம் பதிப்பு. லத்தீனுக்கு ஸ்டுட்கார்ட். பழைய தமிழ் வேதாகமத்தில் ஊறிய குடும்பத்திலிருந்து வருபவர்கள் டெக்ஸ்டுஸ் ரெசெப்டுஸை இணையத்தில் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே வாசியுங்கள். லத்தீன் பாட்டுக்காகக் கற்பவர்கள் மட்டும் என் பேச்சைக் கேட்காமல் கிளெமென்டினிலிருந்து தொடங்கலாம், பாட்டின் சொற்களில் சில அதையும்விடப் பழைய லத்தீனிலிருந்து வந்தவை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு. கையில் காசு இல்லாத மாணவர்கள் கவலைப்பட வேண்டாம். ஜெர்மன் வேதாகமச் சங்கத்தின் தளத்தில் நெஸ்லே-ஆலந்தின் மூலமும், ரால்ஃப்ஸும், ஸ்டுட்கார்ட் வுல்காத்தாவும் இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன, அடிக்குறிப்புகள் மட்டும் இருக்காது. சினாய்த்திகுஸ் சுவடியைத் தாள் தாளாக இணையத்தில் பார்க்கலாம். வத்திக்கான் நூலகமும் தன் சுவடியைப் படமெடுத்து வைத்திருக்கிறது.

புத்தகம் வந்து சேர்ந்ததும் முதலில் ஆதியாகமத்தையோ மத்தேயுவையோ திறக்காதீர்கள். ஸ்டுட்கார்ட் வுல்காத்தாவில் புதிய ஏற்பாட்டின் கடைசிப் பக்கத்துக்குப் போய் வெளிப்படுத்தின விசேஷம் 22:19-ஐ எடுங்கள். மூலத்தில் 'லிக்னோ' இருக்கும். மரம். அப்படியே கண்ணை அடிக்குறிப்புக்குக் கொண்டுபோய், 'லிப்ரோ' என்று எழுதிய பிரதிகள் எவை என்று பாருங்கள்.